பொருள் ஒருவர் கையில், பொறுப்பு யார் கையில்?

இடமாற்ற ஆணை பெற்ற வங்கி ஊழியர்கள், புதிய வேலை கிடைத்து பெங்களூருக்கோ புணேவுக்கோ தில்லிக்கோ செல்லும் இளம் குடும்பங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து வாழச் சொந்த ஊரை விட்டுப் புறப்படும் முதியவர்கள் எனப் பலரும் தம் வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் முன்பின் அறியாதவர்களிடம் சில நாட்களுக்கு ஒப்படைக்க வேண்டியவர்களாக இருக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு வண்டி வராதது, பேசிய தொகை வழியிலேயே உயர்ந்துவிடுவது, ஏற்றிவிட்டவர்கள் இறக்கும் இடத்தில் இல்லாதது, உடைந்த பொருளுக்கு எவரும் பதில் சொல்லாதது ஆகியவை இவர்களிடையே பொதுவாக எழும் குறைகள். இக்குறைகளுக்குச் சுமை தூக்குவோரின் நேர்மையின்மையோ ஓட்டுநரின் பேராசையோதான் காரணம் என்று கருதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இத்தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால், உதவிக்கு வரும் கைகள் நம்பகமற்றவையாகத் தோன்றுவதற்கு அந்த மனிதர்களின் குணத்தைவிட, வாக்குறுதி தருபவரும் வேலையைச் செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதே முதன்மையான காரணம் என்பது புலனாகும்.

'பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்' என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் நிறுவனங்களில் பலவற்றுக்குச் சொந்தமாக லாரி கிடையாது. நிரந்தரமான ஆட்களும் கிடையாது. தொலைபேசியில் விலை பேசுபவர், முன்பணம் பெற்றுக்கொண்டு, வேலையை ஓர் ஒப்பந்தக்காரரிடம் கைமாற்றிவிடும் தரகராகவே பல நேரங்களில் இருக்கிறார். அந்த ஒப்பந்தக்காரர் அன்றைய தினத்துக்குக் கிடைக்கும் லோடுமேன்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். வண்டிக்கு லாரி புக்கிங் அலுவலகத்தை நாடுகிறார். அந்த அலுவலகம் தனக்குக் கமிஷன் எடுத்துக்கொண்டு, ஒற்றை லாரி வைத்திருக்கும் உரிமையாளர் ஒருவரிடம் சுமையை ஒப்படைக்கிறது. போய்ச் சேரும் ஊரில் இறக்கி வைப்பதற்கு அங்குள்ள வேறொருவர் வேறு ஆட்களை அனுப்புகிறார். இவ்வாறு நான்கைந்து கைகள் மாறும்போது, ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருப்பவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை அறியாதவராகவும், தமக்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு என்பதை மட்டுமே அறிந்தவராகவும் இருக்கிறார். குடும்பம் கொடுத்த தொகையில் ஒரு பகுதி ஒவ்வொரு கையிலும் தங்கிவிடுவதால், உண்மையில் தூக்கிச் சுமப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் எஞ்சுவது சிறிதாகவே இருக்கிறது. அந்தக் குறையை வாசலில் நின்று கேட்டுப் பெறும் கட்டாயம் அங்கிருந்தே பிறக்கிறது.

இந்தப் பிளவு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு ஒரு கட்டில் போதுமான சான்று. சேமிப்பு அறை வைத்த இரட்டைக் கட்டிலைக் கழற்றினால் தலைப்பலகை, கால்பலகை, இரு பக்கச் சட்டங்கள், நடுத்தாங்கி, ஒட்டுப்பலகைகள் எனப் பிரியும். அவற்றோடு இருபது முப்பது போல்ட்டுகளும் திருகுகளும் சேரும். கழற்றியவரே மீண்டும் பூட்டப்போகிறவராக இருந்தால், அந்தத் திருகுகளை ஒரு நெகிழிப் பையில் போட்டு, தலைப்பலகையின் பின்புறம் டேப் போட்டு ஒட்டி, எந்தச் சட்டம் எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவைப்பார். பூட்டப்போகிறவர் சென்னையிலிருந்து 2,200 கிலோமீட்டருக்கு அப்பால் தில்லியில் வேறொருவர் என்றால், திருகுகள் கையில் கிடைத்த அட்டைப்பெட்டிக்குள் விழுகின்றன. அந்தப் பெட்டி சமையலறைப் பாத்திரங்களோடு கடைசியில்தான் திறக்கப்படுகிறது. அதற்குள் இறக்கியவர்கள் போய்விட்டிருப்பார்கள். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. தொடக்கமும் முடிவும் ஒருவர் பொறுப்பில் இல்லை என்பதே இங்குள்ள குறை. ஆகவே திருகுப் பையை எழுதி ஒட்டும் வேலையை வீட்டாரே தம் கையில் வைத்துக்கொள்வதும், கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்வதும், தொலைவான வீட்டு மாற்றத்தில் தவிர்க்க முடியாத கடமைகளாகின்றன.

நம்பகமின்மைக்கு அடுத்த காரணம் நாள்களின் நெருக்கடி. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தவிர்க்கின்றன. புரட்டாசியும் பங்குனியும்கூடப் புதுமனை புகுவதற்குப் பலரால் விலக்கப்படுகின்றன. மிஞ்சிய மாதங்களிலும் பள்ளித் தேர்வு முடிவதற்கும் மறுபடி திறப்பதற்கும் இடைப்பட்ட கோடை வாரங்களே வசதியானவை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு மாதக் கடைசியும், நாள் பார்ப்பவர்களுக்கு வளர்பிறை முகூர்த்தமும் முக்கியம். இவ்வாறு எல்லோரும் ஒரே சில நாள்களை நோக்கிக் குவியும்போது, தரகர்கள் கையிலுள்ள வண்டிகளைவிடக் கூடுதலாக முன்பதிவு செய்துகொள்கிறார்கள். காலை ஏழு மணிக்கு வரவேண்டிய வண்டி, வேறொரு வீட்டின் சுமையை இறக்கிவிட்டு மாலை நான்கு மணிக்கு வருகிறது. வந்த ஆட்கள் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள். பொழுது சாயுமுன் ஏற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில் பொதி கட்டும் கவனம் குறைகிறது.

இங்கே குடும்பங்கள் தாமாகவே தம் வலிமையை இழக்கும் ஓர் இடமும் உண்டு. பழைய வீட்டைக் காலி செய்யும் நாள், வண்டி புறப்படும் நாள், புதிய வீட்டில் பால் காய்ச்சும் நாள் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமைத்துக்கொண்டால், எந்த நிபந்தனைக்கும் இணங்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்படுகிறார்கள். பழைய வீட்டு உரிமையாளரிடம் நான்கு நாள் வாடகையைக் கூடுதலாகக் கொடுத்து அவகாசம் பெறுவதும், பால் காய்ச்சுவதற்கு வேண்டிய அடுப்பு, பாத்திரம், சாமி படம், இரண்டு மாற்று உடை ஆகியவற்றைத் தம்முடனே எடுத்துச் செல்வதும், வண்டி தாமதமானாலும் குடும்பம் தடுமாறாமலிருக்க வழி செய்யும். கூடுதல் தொகை கேட்பவருக்கு வலிமை தருவது எதிர்த்தரப்பின் அவசரம். அந்த அவசரத்தை முன்கூட்டியே களைந்துவிட்டால், பேரம் பேசும் நிலை வெகுவாக மாறிவிடுகிறது.

தொகையைப் பொறுத்தவரை, முழு வண்டிக்கும் 'பார்ட் லோடு' எனப்படும் பகிர்வுச் சுமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்டறிவது முதல் தேவை. பகிர்வுச் சுமை என்பது ஒரே லாரியில் பல வீட்டாரின் பொருள்களை ஏற்றிச் செல்வது. கட்டணம் குறைவு, ஆனால் வண்டி நிறையும்வரை பொருள்கள் ஏதோ ஒரு கிடங்கில் காத்திருக்கும், வழியில் ஒருமுறையாவது வண்டி மாற்றி ஏற்றப்படும். பொருள் உடைவதும் காணாமற்போவதும் இந்த இடைமாற்றத்தில்தான் மிகுதி. முழு வண்டி என்று பேசித் தொகை வாங்கிவிட்டுப் பகிர்வுச் சுமையாக அனுப்புவது இத்தொழிலின் பழைய தீமை. ஆகையால் வண்டியின் பதிவெண்ணையும் ஓட்டுநரின் கைபேசி எண்ணையும் புறப்படும் முன் எழுதி வாங்கிக்கொள்வதும், இறங்கும் இடத்தில் அதே எண்ணுள்ள வண்டி வருகிறதா என்று பார்ப்பதும் தேவை.

இத்தனை பாதுகாப்பையும் குடும்பத்தின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிட்டதாகத் தோன்றினாலும், சட்டம் இவ்விடத்தில் வெற்றிடமாக இல்லை. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2007-இல் இயற்றப்பட்டு, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சாலைவழிச் சரக்கேற்றச் சட்டம், 'பொதுச் சரக்கேற்றுநர்' என்பவரை விரிவாக வரையறுக்கிறது. வேறுபாடின்றி எல்லோருக்கும் கூலிக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர் பொதுச் சரக்கேற்றுநர்; சரக்கு முன்பதிவு நிறுவனம், ஒப்பந்தக்காரர், முகவர், தரகர் ஆகியோரும் அந்த வரையறைக்குள் அடங்குவர். அதாவது, 'நாங்கள் இடையில் ஏற்பாடு செய்துகொடுத்தவர்கள் மட்டுமே' என்று கூறித் தப்பும் வழியைச் சட்டம் அடைத்திருக்கிறது. இத்தகையோர் அனைவரும் மாநில அல்லது வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை விதி. விலை கேட்கும் முதல் பேச்சிலேயே இந்தப் பதிவு எண்ணைக் கேட்கும் பழக்கம் குடும்பங்களிடம் இல்லாததும், கேட்டால் கொடுக்கும் பழக்கம் நிறுவனங்களிடம் இல்லாததும் வருந்தத்தக்கவை.

அச்சட்டம் இரண்டு ஆவணங்களைக் குறிப்பிடுகிறது. பொருளின் விவரத்தையும் மதிப்பையும் எழுதிப் பொருள் அனுப்புபவர் கையொப்பமிட்டுத் தருவது சரக்கு அனுப்புகைக் குறிப்பு; பொருளைப் பெற்றுக்கொண்டதாக ஏற்றுநர் திருப்பித் தருவது சரக்குப் பற்றுச்சீட்டு, அதாவது லாரி அலுவலகங்களில் 'எல்.ஆர்.' என்று வழங்குவது. வீட்டு மாற்றத்தின்போது இவ்விரண்டும் ஒரே தாளில் அவசரமாக நிரப்பப்படுகின்றன. பொருள் விவரம் என்ற இடத்தில் 'பழைய வீட்டுச் சாமான்கள்' என்றும், மதிப்பு என்ற இடத்தில் இருபதாயிரம் ரூபாய் என்றும் ஏற்றுநரின் ஆளே எழுதிவிட, பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு வீட்டுக்காரர் கையெழுத்திடுகிறார். அந்த ஒரு வரியின் விளைவு பெரிது. பொருள் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, கூடுதல் இடர்க் கட்டணம் செலுத்த முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, ஏற்றுநரின் பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடங்கும் என்றும், அதுவும் அனுப்புகைக் குறிப்பில் காட்டிய மதிப்பை மீறாது என்றும் அச்சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. கட்டணம் நாற்பதாயிரம் ரூபாயாக இருந்தால் நான்கு லட்சம்வரை கேட்கக்கூடிய குடும்பம், இருபதாயிரம் என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டதால் இருபதாயிரத்தோடு நின்றுவிட நேர்கிறது.

எனவே மதிப்பை நேர்மையாக எழுதுவதும், பெட்டிகளை எண்ணிட்டு ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்ற பட்டியலை இரு படிகளாகத் தயாரித்து ஏற்றுபவரின் கையெழுத்தைப் பெறுவதும், பொருள் காக்கும் மிகப் பெரிய உபாயங்கள். 'சமையல், 14-இல் 3, கிரைண்டர் கல்' என்று பெட்டியின் மேலும் இரு பக்கங்களிலும் எழுதியிருந்தால், எண்ணிக்கை குறைவதை இறக்கும்போதே கண்டுகொள்ளலாம். கனமான கல்லின் மேல் கண்ணாடிப் பொருள் வைக்கப்படுவதையும் தடுக்கலாம். ஏற்றுமுன் குளிர்சாதனப் பெட்டி, பீரோ, தொலைக்காட்சி ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் பட்டியலிலேயே குறித்துவிடுவது இரு தரப்புக்கும் நியாயம். நகை, சான்றிதழ், பத்திரம், மருந்து ஆகியவற்றை எந்த நிறுவனத்திடமும் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்கலாகாது.

காப்பீட்டின் பெயரால் நடப்பது தனியே சொல்லத்தக்கது. பொருள் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று 'டிரான்ஸிட் இன்சூரன்ஸ்' தொகை பெறப்படுகிறது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம் வழங்கிய பாலிசி எண்ணும், அதில் அனுப்புபவரின் பெயரும் இல்லாவிட்டால், அத்தொகை காப்பீடு ஆகாது. ஏற்றுநரின் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும். வழியில் கேட்கப்படும் மாநில எல்லை வரி, 'இ-வே பில்' செலவு போன்றவற்றையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். இ-வே பில் என்பது சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் கீழ் சரக்குப் போக்குவரத்துக்கு எடுக்கப்படும் மின்வழிச் சீட்டு. பயன்படுத்திய சொந்த வீட்டுப் பொருள்களுக்கு அதிலிருந்து விதிவிலக்கு உண்டு. இதை அறியாத குடும்பம், நள்ளிரவில் சுங்கச்சாவடியிலிருந்து வரும் ஓர் அழைப்புக்கு அஞ்சிப் பணம் அனுப்பிவிடுகிறது.

விளம்பரங்களில் மின்னும் அங்கீகாரங்களும் பெரும்பாலும் வேறு நோக்கத்துக்காக ஏற்பட்டவை. இந்திய வங்கிகள் சங்கத்தின் பரிந்துரைப் பட்டியல், லாரி ரசீதை ஆதாரமாகக் கொண்டு வணிகர்களுக்கு வங்கிகள் கடன் வழங்கும்போது அந்த ரசீது நம்பத்தக்கதா என்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. வீட்டுப் பொருளைப் பக்குவமாகக் கட்டுவதற்கான நற்சான்று அன்று. பட்டியலில் இல்லாதவர்களும் அப்பெயரைப் போட்டுக்கொள்வதும், பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொள்வதும் இத்துறையில் நெடுநாளாக நடந்துவருபவை.

இத்தொடரின் கடைசிக் கண்ணியாக வாசலில் நிற்கும் தொழிலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவரைக் குற்றவாளியாகவே பார்க்கும் மனப்பான்மை அநீதியானது. வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவை மீறக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. பல இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டிகளும் இரும்பு பீரோக்களும் அதற்கு மேற்பட்ட எடையுள்ளவை. 'இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு' என்று தரகரிடம் சொல்லப்பட்டிருக்கும்; குடியிருப்போர் சங்கம் சாமான் ஏற்ற லிஃப்டை அனுமதிக்காது என்பது வாசலுக்கு வந்த பிறகே தெரியும்; தெரு குறுகலென்றால் லாரி முனையிலேயே நின்றுவிடும், அங்கிருந்து 'குட்டி யானை' எனப்படும் சிறு வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். இந்தக் கூடுதல் உழைப்புக்குக் கூலி கேட்பது மோசடியாகாது. மாடி, லிஃப்ட் அனுமதி, தெருவின் அகலம், வாசலுக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு ஆகிய நான்கையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, அதற்கான கூலியையும் சேர்த்தே பேசிவிடுவது குடும்பத்தின் கடமை. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-ஆம் ஆண்டின் சட்டமும் அதன்வழி நலவாரியமும் உள்ளன. அந்த வாரியத்தில் பதிவு பெற்றவர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளிக்கும் நல்லது, வீட்டாருக்கும் நல்லது.

கேரளத்துக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறொரு சூழல் காத்திருக்கிறது. அங்கு 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்கு வலுவான பாதுகாப்பைத் தந்தது. அதே மண்ணில், வேலையே செய்யாமல் பார்த்து நின்றதற்காகக் கேட்கப்படும் 'நோக்குக்கூலி' என்னும் வழக்கமும் வேரூன்றியது. அதை 2018 மே 1 முதல் அம்மாநில அரசு தடை செய்தது. தொழிலாளரைக் காக்கும் சட்டமும் நுகர்வோரைக் காக்கும் தடையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அம்மாநில அனுபவம் காட்டுகிறது.

பொருளை ஏற்றிக்கொண்டு, பேசியதற்கு மேல் தொகை தந்தால்தான் இறக்குவோம் என்று மிரட்டும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மாநிலம்விட்டு மாநிலம் வீடு மாற்றும் நிறுவனங்களுக்கான கூட்டாட்சி விதிகளின்படி, இறுதித் தொகையைக் கட்டுப்படுத்தாத தோராய மதிப்பீடு தந்திருந்தால், இறக்கும் நேரத்தில் அம்மதிப்பீட்டின் 110 விழுக்காட்டுக்கு மேல் கேட்க முடியாது. அந்தத் தொகையைக் கொடுத்தவுடன் பொருளை இறக்கியாக வேண்டும், எஞ்சிய தொகை இருந்தால் பின்னரே கேட்கலாம். மீறிப் பொருளைப் பிடித்துவைத்தால், நாளொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்குக் குறையாத அபராதம் விதிக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இந்தியச் சட்டத்தில் பதிவின்றித் தொழில் செய்பவருக்கு முதல் முறை ஐயாயிரம் ரூபாய்வரையும், மறுமுறை பத்தாயிரம் ரூபாய்வரையும் அபராதம். ஒரே ஒரு வீட்டாரிடம் கூடுதலாகப் பறிக்கும் தொகையைவிட இது குறைவு என்னும்போது, எவரும் இதற்கு அஞ்சிப் பதிவு செய்யப்போவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வே திருத்தப்பட வேண்டிய முதல் இடம்.

எனினும் இருக்கும் சட்டத்திலேயே குடும்பங்களுக்குச் சாதகமானவை பல உள்ளன. அவற்றை அறியாததால்தான் பலர் உடைந்ததை ஓரமாக வைத்துவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். பொருள் தொலைந்ததற்கோ சேதத்துக்கோ வழக்குத் தொடுக்கும்போது, ஏற்றுநரின் கவனக்குறைவை வழக்காடுபவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பொருளை முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். இந்தக் கெடு பலருடைய நியாயமான கோரிக்கைகளை முடக்கிவிடுகிறது. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பிக் காத்திருக்காமல், முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலில் அறிவிப்பை அனுப்பிவிடுவது நல்லது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தாக்கல் செய்ய வழி செய்திருக்கிறது. தில்லிக்கு மாறிய குடும்பம் சென்னை நிறுவனத்துக்கு எதிராகத் தில்லியிலேயே முறையிடலாம். கோரிக்கைக்குக் காரணமான நிகழ்வு நடந்து ஈராண்டுக்குள் முறையீடு செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாக முதற்கட்டச் சமரசத்துக்கும் முயலலாம். பொருளை ஏப்பம் விட்டுவிட்டு ஏற்றுநர் மறைந்துவிட்டால், அதைப் பணத்தகராறு என்று காவல் நிலையம் ஒதுக்கிவிட இயலாது. சரக்கேற்றுநர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு ஏழாண்டுவரை சிறைத் தண்டனை உண்டு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவு கூறுகிறது. அப்பிரிவைக் குறிப்பிட்டே புகாரை எழுதித் தரலாம்.

பணம் செலுத்தும் முறையிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஏற்றி முடித்ததும் முழுத் தொகையையும் கேட்பது இத்துறையின் வழக்கம். அதற்கு இணங்கிவிட்டால், போய்ச் சேரும் ஊரில் வண்டி வந்து நிற்கும்போது ஏற்றுநருக்குக் குடும்பத்தின் தயவு எதுவும் தேவைப்படாது. மூன்றில் ஒரு பங்கையேனும் இறக்கிச் சரிபார்த்த பிறகே தருவதாக எழுத்தில் பேசிக்கொள்வதும், அதற்கு இணங்காதவரை, அவர் சொல்லும் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுவதும் தகும். மிகக் குறைந்த விலை சொல்பவர், விடுபட்டதை வழியில் ஈடுகட்டிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் பெரும்பாலும் அந்த விலையைச் சொல்கிறார்.

தமிழ்நாட்டின் போக்குவரத்துத் துறை இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை பெரும் செலவு பிடிப்பவையல்ல. பதிவு பெற்ற பொதுச் சரக்கேற்றுநர்களின் பட்டியலை ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் இணையத்திலும் தமிழில் வெளியிடலாம். பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதைத் தடை செய்யலாம். மதிப்பு, பெட்டி எண்ணிக்கை, வண்டி எண், இறக்கும் நாள், இறுதித் தவணை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் கொண்ட ஒரே மாதிரியான ஒப்பந்தப் படிவத்தை வகுத்து, வீட்டுப் பொருள் ஏற்றும் எவரும் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிரப்பித் தர வேண்டும் என்று வற்புறுத்தலாம். கோடை விடுமுறை தொடங்கும் ஏப்ரல் மாதத்துக்கு முன் இவற்றில் பட்டியலை வெளியிடும் பணியையேனும் செய்து முடித்தால், அடுத்த பருவத்தில் வீடு மாறவிருக்கும் குடும்பங்கள் விலை பேசும் முன் யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.